பந்தியில் பாதியில் நின்ற பதில்

அன்புள்ள லலிதா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முட்டிவலி, உன் வீட்டுக்காரரின் சர்க்கரை, பேரனுக்குப் பல் முளைத்தது எல்லாம் சாரதா வழியாக எனக்கு வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே விசாரிப்பை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று அவளிடம் புலம்பினாயாமே? என்னையே நேராகத் திட்டியிருக்கலாம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது எழுதக் காரணம், நீயே கேட்டுவிட்டு நீயே பாதியில் விட்டுப்போன கேள்வி. சாரதா பெண் கல்யாணப் பந்தியில், “ரிட்டையர் ஆகியும் அந்தப் பாரசீகத் துருக்கிக்காரர்களை நீ விடலையா? அத்தனை ராஜாக்களை ஏற்றி இறக்கினவங்க, ஒரு தடவையாவது தாங்களே ஏறி உட்கார்ந்திருக்கக் கூடாதா?” என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் மோர் வந்தது, உன் நாத்தனார் வந்தாள், நீ போய்விட்டாய். ஜம்பு சார் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு உன்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்திருப்பார். அவ்வளவு நல்ல கேள்வி. அன்றிலிருந்து அது என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே நீ இதை முழுக்கப் படித்தே தீர வேண்டும். தண்டனை என்று வைத்துக்கொள்.

ஈரானில் சஃபாவி வம்சத்து ஷாக்களை ஏற்றி இறக்கிய எல்லாக் குலங்களையும் இழுத்தால் நீ தூங்கிவிடுவாய். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: உஸ்தாஜ்லு. அனதோலியாவிலிருந்து வந்த துருக்கிய மேய்ச்சல் குலம். ஷாம்லு, ரூம்லு, தக்கலு, துல்கதர், அஃப்ஷார், கஜார் என்று அதற்குப் பங்காளிகள் உண்டு. பன்னிரண்டு இமாம்களின் நினைவாகப் பன்னிரண்டு மடிப்பு வைத்த சிவப்புத் தொப்பி போட்டவர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்துக் கிஸில்பாஷ், அதாவது செந்தலையர், என்று பெயர். இதெல்லாம் உனக்கு ஜம்பு சார் நடத்தியதுதான். நீ அந்த வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று உன் வீட்டுக்காரருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

1494இல் சஃபாவி வம்சத்தின் அர்தபில் சூஃபி மடத்துத் தலைவர் சுல்தான் அலி கொல்லப்படுகிறார். அவருடைய தம்பி இஸ்மாயிலுக்கு ஏழு வயது. சீடர்கள் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போய் கீலானில் லாஹிஜான் ஊரில் ஒளித்து வளர்க்கிறார்கள். 1500 கோடையில் அவன் எர்ஸின்ஜானில் வந்து நிற்கும்போது ஏழாயிரம் பேர் சேர்கிறார்கள், அவர்களில் உஸ்தாஜ்லுகள் பெருங்கூட்டம். அடுத்த வருஷமே ஷரூரில், அப்போது அங்கே ஆண்ட ஆக் கோயுன்லுத் துருக்மேன்களின் படையை முறியடித்துவிட்டுத் தப்ரீஸில் அவனை ஷா ஆக்குகிறார்கள். பையனுக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிரம்பியிருந்தால் அதிகம்.

இங்கேதான் உன் கேள்விக்கான பதிலின் முதல் முடிச்சு இருக்கிறது. அவன் அவர்களுக்கு வெறும் ராஜா இல்லை. அவன் முர்ஷித், குரு. அவர்கள் முரீதுகள், சீடர்கள். சாதாரணக் குரு பக்தியும் இல்லை அது. கடவுளின் அம்சம் என்று நம்பிக் கவசமில்லாமல் போர்க்களத்தில் பாய்ந்தவர்களைப் பற்றி அந்தக் காலத்து வெனிஸ்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குருவின் பீடத்தில் சீடன் ஏறி உட்கார முடியுமா? சரி, பக்தி குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள். இன்னொரு தடை இருந்தது. ஓர் உஸ்தாஜ்லு ஏறினால் ஷாம்லு விடமாட்டான், ஷாம்லு ஏறினால் ரூம்லு விடமாட்டான். எல்லாக் குலங்களும் வணங்கக்கூடிய ஒரே தலை சஃபாவி ரத்தத்தில்தான் இருந்தது. ஆகவே சண்டை எப்போதும் நாற்காலிக்காக நடக்கவில்லை, நாற்காலியில் இருப்பவனின் கையைப் பிடித்துக்கொள்ளும் இடத்துக்காக நடந்தது.

அந்த இடம் வெறும் கௌரவமும் இல்லை. ஷாவிடம் கருவூலப் பணமும் சொந்தப் படையும் பெரிதாகக் கிடையாது. ஒரு மாகாணத்தை ஒரு குலத் தலைவனுக்குக் கொடுத்துவிடுவார். அவன் வரியை வசூலித்துத் தன் ஆட்களுக்குக் குதிரையும் தீனியும் கொடுத்து, கூப்பிட்ட நேரத்தில் படையோடு வர வேண்டும். அரண்மனைக் காவல்படையான கூர்ச்சிகள்கூட அதே குலங்களிலிருந்து வந்தவர்கள்தான். ராஜாவின் படுக்கையறை வாசலில் நிற்பவனுக்கு முதல் விசுவாசம் தன் பெரியப்பாவிடம் என்றால் ராஜாவின் நிலையை யோசித்துப் பார்.

இதில் உஸ்தாஜ்லுகளை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஓர் ஆள் காரணம். கான் முகம்மது உஸ்தாஜ்லு, தியார்பக்கிர் மாகாணத்தின் ஆளுநர். 1514இல் சால்திரானில் ஒட்டோமான் சுல்தான் செலீம் பீரங்கிகளோடு வந்து இறங்குகிறான். எல்லையிலேயே இருந்தவன் என்பதால் ஒட்டோமான்கள் சண்டை போடும் விதம் கான் முகம்மதுவுக்குத் தெரியும். “வண்டிகளைச் சங்கிலியால் கட்டிப் பீரங்கியை நிறுத்துவதற்கு முன்னால் இப்போதே அடிப்போம்” என்ற அர்த்தத்தில் யோசனை சொல்கிறான். அரசருக்கு நெருக்கமான துர்மிஷ் கான் ஷாம்லு அவனைக் கேலி செய்கிறான், அவர்கள் தயாராகட்டும், பிறகு மோதுவதுதான் வீரம் என்கிறான். ஷா இஸ்மாயில் துர்மிஷ் பக்கம் சாய்கிறார். ஆகஸ்ட் 23ஆம் தேதி நடந்தது உனக்குத் தெரியும். சரியான யோசனை சொன்ன கான் முகம்மது அந்தக் களத்திலேயே செத்தான். துர்மிஷ் கான் பிழைத்து, பிறகு ஹெராத்துக்கு ஆளுநராகவும் போனான். நம் ஆபீஸ்களில் நடக்காததா என்கிறாயா? நடந்தது, எனக்கே நடந்தது. அதைப் பேசினால் தனிக் கடிதம் ஆகிவிடும்.

தோற்ற பிறகு இஸ்மாயில் தானே படை நடத்திப் போகவில்லை. 1524இல் முப்பத்தாறு வயதில் இறந்தபோது மகன் தஹ்மாஸ்புக்குப் பத்து வயது. பிறகு பத்து வருஷம் நடந்ததை நான் வகுப்பில் பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துவேன், யாருக்கும் புரியாது, எனக்கும் சில சமயம் சிரிப்பு வரும். முதலில் ரூம்லு, தக்கலு, உஸ்தாஜ்லு மூன்று தலைவர்களும் சேர்ந்து ஆட்சி. இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவனான கோபெக் சுல்தான் உஸ்தாஜ்லுவின் நிலங்களைப் பிடுங்கினார்கள். 1526இல் உள்நாட்டுப் போர், அடுத்த வருஷம் அவன் கொல்லப்பட்டான். உடனே மிச்சமிருந்த இருவரில் தக்கலு தலைவன், ரூம்லு தலைவன் தீவ் சுல்தானைப் பற்றிச் சிறுவனின் காதில் ஓதினான். பதின்மூன்று வயது தஹ்மாஸ்ப் சபையிலேயே தீவ் சுல்தான் மேல் தன் கையால் அம்பு எய்தான், மற்றவர்கள் மிச்சத்தை முடித்தார்கள். பிறகு தக்கலு தலைவனை ஷாம்லுகள் கொன்றார்கள். அந்தக் கலவரம் ஷாவின் கூடாரத்துக்குள்ளேயே நடந்தது, இரண்டு அம்புகள் அவன் கிரீடத்தில் பட்டன.

கிரீடத்தில் அம்பு பட்ட அந்தப் பையனைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன், லலிதா. அவனைக் கொல்ல யாரும் எய்யவில்லை. அவன் இருக்க வேண்டும், எல்லோருக்கும் அவன் வேண்டும். சும்மா நடுவில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

சரி, உஸ்தாஜ்லுவுக்கு வருகிறேன். அடிபட்டுக் கீலான் பக்கம் ஒதுங்கிய குலம் தஹ்மாஸ்ப் காலத்திலேயே மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவர் ஐம்பத்திரண்டு வருஷம் ஆண்டார். அவருடைய கடைசிக் காலத்தில் அரசவையில் மிகப் பலமான குலம் இவர்கள்தான். ஷாவுக்குப் பிரியமான மகன் ஹைதரும் இவர்கள் பக்கம். தாய் ஜார்ஜியப் பெண் என்பதால் ஜார்ஜியர்களும் கூட. எதிர்ப்பக்கத்தில் அஃப்ஷார், ரூம்லு முதலானவர்கள். அவர்களுடைய ஆள் இன்னொரு மகன் இஸ்மாயில், கஹ்கஹா கோட்டையில் ஏறக்குறைய இருபது வருஷமாகச் சிறையில் இருந்தவன். அவர்களோடு ஷாவின் மகளும் உண்டு, பெயர் பரி கான் கானும். எம்.ஏ.வில் நீ இவளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எனக்குத் தள்ளிவிட்டாய், ஞாபகம் இருக்கும்.

1576 மே மாதம் கஸ்வின் அரண்மனையில் தஹ்மாஸ்ப் இரவில் இறந்துபோகிறார். ஹைதர் உள்ளேயே இருக்கிறான், கிரீடத்தை எடுத்து வைத்துக்கொள்கிறான், உயில் என்று ஒன்றைக் காட்டுகிறான். ஜெயித்தாயிற்று என்றுதானே தோன்றும்? அரண்மனைக் காவல் குலவாரியாக முறை வைத்து மாறும். அன்றைய முறை எதிர்க்கட்சிக் குலங்களுடையது. வாசலைச் சாத்திவிட்டார்கள். உஸ்தாஜ்லுகள் எல்லோரும் வெளியே, ஹைதர் மட்டும் உள்ளே. நம் ஹாஸ்டல் மூன்றாம் நம்பர் அறைச் சாவி கதைதான், போ! பரி கான் கானும் ஹைதரின் காலில் விழுந்து, நான் உன் பக்கம் என்று சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்து, சாவியைத் தன் தாய்மாமனிடம் கொடுத்தாள். காலையில் உஸ்தாஜ்லுகள் கதவுகளை உடைத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ஹைதர் பெண்கள் உடையில் பெண்களோடு கலந்து தப்பப் பார்த்து, அகப்பட்டு, வெட்டுண்டான். அவன் தலையை வெளியே நின்ற உஸ்தாஜ்லுகள் முன்னால் வீசினார்கள்.

படையோடு வந்தவர்கள் அதைப் பார்த்ததும் கலைந்து போய்விட்டார்கள். உன் கேள்விக்கு முழுப் பதிலும் இதில் இருக்கிறது. கையில் ஆயுதம் இருந்தது, ஆள் பலம் இருந்தது, எதிரே பாதி திறந்த அரண்மனை. ஆனால் தங்களுடைய இளவரசன் இல்லை என்றால் அவர்களிடம் எதுவுமே இல்லை. தங்களில் ஒருவனை அங்கேயே உட்கார்த்தி வைப்போம் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

சிறையிலிருந்து வந்த இரண்டாம் இஸ்மாயில் உஸ்தாஜ்லுகளைத் தேடித் தேடிக் கொன்றான். கூடவே தன் சொந்த ரத்தத்தில் இருந்த ஆண்களையும். ஹெராத்தில் இருந்த அண்ணன் மகன் அப்பாஸைக் கொல்ல அலி குலி கான் ஷாம்லுவை அனுப்பினான். பிள்ளைக்கு ஆறு வயது. அந்த ஆள் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டான். அதற்குள் 1577 நவம்பரில் இஸ்மாயில் திடீரென்று செத்துப்போனான், அபினியில் விஷம் என்று பேச்சு. கொல்ல வந்தவனே அந்தக் குழந்தைக்குப் பாதுகாவலன் ஆனான். அந்தப் பதவிக்கு லாலா என்று பெயர். இளவரசர்களை மாகாணத்துக்கு அனுப்பி, ஒரு குலத் தலைவனை லாலாவாக வைத்து வளர்ப்பது அந்த வம்சத்து வழக்கம்.

தலைநகரத்தில் அப்பாஸின் தகப்பன் முகம்மது குதாபந்தா ஷா ஆனார். கண் பார்வை ஏறக்குறைய இல்லை. ஆட்சி செய்தது அவர் மனைவி, மஹ்தே உல்யா. கிஸில்பாஷ்களின் வாலை நறுக்கப் பார்த்தாள். 1579 ஜூலையில் கிஸில்பாஷ் தலைவர்கள் அந்தப்புரத்துக்குள் நுழைந்து அவளையும் அவள் தாயையும் கொன்றார்கள். கிரிமியா இளவரசனோடு தொடர்பு என்று பழி வேறு சொன்னார்கள். பெண்ணைக் கொல்வதற்குக் கிடைக்கும் காரணம் எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஹெராத்தில் அப்பாஸுக்கு எட்டு வயது.

இனி உஸ்தாஜ்லுகளின் கடைசி ஆட்டம். முர்ஷித் குலி கான் உஸ்தாஜ்லு, கொராசானில் பெரிய கை. முதலில் அலி குலி கானோடு சேர்ந்து அப்பாஸை ஷா என்று அறிவித்தான். பிறகு அவனோடு சண்டை போட்டு, மஷ்ஹத் பக்கத்தில் நடந்த மோதலில் சிறுவனைத் தன் கைக்குள் கொண்டுவந்தான். நகை, நட்டு, கோட்டை எதையும் கைப்பற்றுவதைவிட அந்தப் பையனைக் கைப்பற்றுவது பெரிய வெற்றி. தலைநகரத்தில் அண்ணன் ஹம்ஸாவை முடிதிருத்துபவன் ஒருவன் கொன்றுவிட, வழி திறந்தது. முர்ஷித் குலி அப்பாஸைக் கூட்டிக்கொண்டு கஸ்வினுக்குப் பாய்ந்தான். குருட்டுத் தகப்பன் கிரீடத்தைக் கழற்றி மகன் தலையில் வைத்தார். 1587-88 வாக்கில் பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஷா, முர்ஷித் குலி கான் வக்கீல், அதாவது ராஜாவின் பிரதிநிதி. ஓர் உஸ்தாஜ்லுவுக்கு அது பெரிய உயரம்.

அதே நேரத்தில் உஸ்பெக்குகள் ஹெராத்தை முற்றுகை போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது பழைய லாலா, அலி குலி கான். உதவிப்படை கிளம்பத் தாமதமாயிற்று. ஹெராத் விழுந்தது, அலி குலி கான் செத்தான். எதிரி ஒழியட்டும் என்று முர்ஷித் குலி வேண்டுமென்றே தாமதித்தான் என்று அப்பாஸ் சந்தேகப்பட்டான். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அப்பாஸ் முதலில் தன் தாயைக் கொன்ற தலைவர்களை முர்ஷித் குலி கையாலேயே தீர்த்துக் கட்டினான். பிறகு இரண்டு வருஷம் ஆவதற்குள் முர்ஷித் குலியை ராணுவ முகாமிலேயே கொல்லச் சொன்னான். ஜம்பு சார் இந்த இடத்தில் மேஜையைத் தட்டுவாரே, அதே தட்டு.

பாடப் புத்தகக் கதை உனக்குத் தெரியும். அப்பாஸ் ஜார்ஜிய, சர்க்காஸிய, ஆர்மீனியக் கைதிகளிலிருந்து குலாம் படையை, அதாவது அரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட அடிமைப் படையை, உருவாக்கினார், மாகாணங்களை அரசின் நேரடி நிலமாக மாற்றி அந்த வருமானத்தில் சம்பளம் கொடுத்தார், ஜார்ஜியரான அல்லாவெர்தி கானை ஃபார்ஸ் மாகாணத்துக்கு ஆளுநர் ஆக்கினார், 1598இல் தலைநகரை இஸ்ஃபஹானுக்கு மாற்றினார். அங்கே முப்பத்து மூன்று வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது, அல்லாவெர்தி கான் கட்டியது. எல்லாம் சரி, பெரிய ராஜாதான். உஸ்தாஜ்லுகளின் முதுகெலும்பு ஒடிந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. தான் எப்படி ஷா ஆனோம் என்பது அப்பாஸுக்கு நன்றாகத் தெரியும். தூரத்து மாகாணத்தில் ஓர் இளவரசன், பக்கத்தில் ஒரு லாலா, லாலாவுக்கு ஒரு குலம்: அப்பனை இறக்க இவ்வளவு போதும். ஆகவே தன் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் செய்தார். இளவரசர்களை ஆளுநராக அனுப்பும் வழக்கம் நின்றது, அந்தப்புரத்துக்குள் பூட்டி வளர்ப்பது தொடங்கியது. 1615இல் மூத்த மகன் சஃபி மிர்ஸாவைச் சந்தேகத்தில் கொல்லச் செய்தார். மற்ற இருவரின் கண்களைப் பிடுங்கச் செய்தார். 1629இல் அவர் இறந்தபோது அரியணைக்கு மகன் என்று யாரும் மிஞ்சவில்லை, பேரன் ஏறினான்.

முர்ஷித் குலி கான் போட்ட கணக்குக்கு அந்தப் பிள்ளைகள் வட்டி கட்டினார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பொருளாதாரம், வெள்ளி வரத்து, பட்டு வியாபாரம் என்று சஃபாவிகளின் வீழ்ச்சிக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், அதையெல்லாம் நானும் பரீட்சைத் தாளில் எழுதவைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பூட்டிய அறையை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1666இல் இரண்டாம் அப்பாஸ் இறந்ததும் அவர் மகனை அரியணைக்குக் கூப்பிட வந்தார்கள். பிரெஞ்சு நகை வியாபாரி ஷார்தான் சொல்கிறார்: கொல்லவோ கண்ணைப் பிடுங்கவோதான் கூப்பிடுகிறார்கள் என்று தாய் நடுங்கினாளாம். அந்த மகனுக்கு அடுத்து ஏறியவர் சுல்தான் ஹுசைன், அவரும் அந்த அறையில் வளர்ந்தவர். 1722 மார்ச்சில் குல்னாபாதில் ஆப்கானியரிடம் படை தோற்றது. அக்டோபரில் பட்டினியால் நொந்த இஸ்ஃபஹானிலிருந்து வெளியே வந்து, தன் கையாலேயே அரச இறகை எடுத்து ஆப்கானியத் தலைவன் மஹ்மூதின் தலைப்பாகையில் செருகினார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உனக்கு வருகிறதா?

“அப்புறம் யாருமே ஏறவில்லையா?” என்று கேட்பாய். ஏறினார்கள், உஸ்தாஜ்லு இல்லை. அஃப்ஷார் குலத்து நாதிர் 1736இல் முகான் சமவெளியில் கூட்டம் கூட்டி ஷா ஆனான். அவனும் நேராக ஏறவில்லை, அதற்கு முன்னால் ஒரு சஃபாவி, பிறகு தொட்டிலில் கிடந்த இன்னொரு சஃபாவி என்று இரண்டு பேரை வைத்துக்கொண்டு வந்தான். 1747இல் அவனை வெட்டியதில் அவனுடைய அஃப்ஷார்களும் கஜார்களும் இருந்தார்கள். கஜார் ஆகா முகம்மது கான் 1796இல் முடி சூடியபோது சஃபாவி மூதாதையின் அர்தபில் சமாதியில் வைத்து எடுத்த வாளை இடுப்பில் கட்டிக்கொண்டான் என்கிறார்கள். இஸ்ஃபஹான் விழுந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாள் தேவைப்பட்டிருக்கிறது!

ஒரு கிளைக்கதை. உன் மயிலாப்பூர் வீட்டுக்கும் இந்தத் துருக்கியக் குலங்களுக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. கோல்கொண்டா குதுப் ஷாஹி வம்சத்தைத் தொடங்கிய சுல்தான் குலி, ஹமதான் பக்கத்துக் காரா கோயுன்லுத் துருக்மேன் பரம்பரை. பங்காளிச் சண்டையில் நாடு போனதும் தக்காணத்துக்கு வந்தவர். அவர் வம்சம் ரொம்ப நாள் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் சஃபாவி ஷாவின் பெயரையும் சேர்த்து வாசிக்க வைத்தது. 1662இல் போர்ச்சுகீசியரிடமிருந்து சாந்தோமைப் பிடித்தது அந்தக் கோல்கொண்டாவின் படைதான். உன் வீட்டுக்காரர் நடைப்பயிற்சியில் அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் சொல். அவர் “ம்ம்” என்பார், தெரியும்.

அப்புறம், நான் முப்பது வருஷம் நடத்திய மேற்காசியத் தாளை எங்கள் பழைய கல்லூரியில் எடுத்துவிட்டார்களாம். மாணவர்கள் சேர்வதில்லை என்று காரணம். என் குறிப்பு நோட்டுகளைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. உன் பெண் மகள் சரித்திரம் எடுக்கப் போகிறாள் என்று சாரதா சொன்னாள், நிஜமா? நிஜம் என்றால் பரி கான் கானும் நோட்டை மட்டும் அவளுக்குத் தருகிறேன். முதல் பக்கத்தில் உன் கையெழுத்தும் ஒரு காபிக் கறையும் இருக்கின்றன, அவளுக்கு நீயே விளக்கம் சொல்லிக்கொள்.

தை பிறந்ததும் அங்கே வருகிறேன். மாடியில் படுக்கை போடாதே, எனக்கும் முட்டி இருக்கிறது. வார்டனம்மா இப்போது மகன் வீட்டில் இருக்கிறார்களாம். விலாசம் உன்னிடம் இருந்தால் அனுப்பு, சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உன்,
பத்மா